கூலி என்றால் காசா, ஆளா?



ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் கூட்டம் நடத்துகிற நண்பர் கொஞ்சம் யோசித்தார். ஒரு மணி நேரம் தாங்குமா என்று கேட்டார். தாங்கும். இரண்டே எழுத்துதான், ஆனால் அது ஏறாத கப்பல் இல்லை, இறங்காத துறைமுகம் இல்லை. கூலி என்பதுதான் அந்தச் சொல்.

நகைக்கடையில் ஒரு சங்கிலி வாங்குகிறோம். பில்லில் எடை, அன்றைய விலை, சேதாரம், செய்கூலி, கடைசியில் வரி என்று வரிசையாக இருக்கும். செய்கூலி கூடுதலாக இருக்கிறதே, குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று பேரம் பேசுகிறோம். செய்கூலி என்ற சொல்லைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. தையற்கடையில் தையல் கூலி, மாவு மில்லில் அரவைக் கூலி, லாரி செட்டில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. நாள் முழுக்க இந்தச் சொல் நம் வாயில் புழங்குகிறது. இதே சொல்லை டர்பன் நகரத்துத் தெருவிலோ டிரினிடாட்டின் கடைத்தெருவிலோ ஓர் இந்திய வம்சாவளிக்காரரைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். பாட்டன் காலத்துப் புண்ணில் கை வைத்தது போல ஆகிவிடும். ஒரே சொல் ஓர் இடத்தில் பில்லில் வருகிறது, இன்னோர் இடத்தில் வசையாக வருகிறது. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். தமிழில் கூலி என்பது ஆள் அல்ல. ஆளுக்குக் கொடுக்க வேண்டியது. ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள் என்போம், கூலிக்காரர் என்போம். ‘கூலி வந்தாச்சா?’ என்று ஒரு பண்ணையில் கேட்டால் பணம் வந்ததா என்றுதான் பொருள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் நகரும்.

சொல் பழையது. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில் வருகிறது. தெய்வத்தால் ஆகாத காரியமானாலும் உடம்பு வருந்திய உழைப்புக்கு உரியது கிடைக்காமல் போகாது என்கிற இடம். அந்த ‘உரியது’ இருக்கிற இடத்தில் வள்ளுவர் வைத்த சொல் கூலி. அங்கே இழிவின் நிழல்கூடக் கிடையாது.

திருவாசகத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்விடுகிறது. திருவம்மானையில் மாணிக்கவாசகர், மதுரையில் மண் சுமந்து கூலி வாங்கியவன் என்று யாரைப் பாடுகிறார்? சிவபெருமானை. கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு முறை சொல்கிறேன், ஏனென்றால் இது பக்திக் கதை மட்டுமில்லை, கூலிக் கணக்குக் கதையும்கூட. வைகை கரை உடைத்துக்கொண்டது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்கிற வந்திக் கிழவிக்கு யாருமில்லை. கூலிக்கு ஆள் வேண்டுமா என்று ஓர் இளைஞன் வருகிறான். கையில் காசில்லையே என்கிறாள் கிழவி. காசு வேண்டாம், உதிர்ந்த பிட்டு போதும் என்கிறான். அன்றைக்குப் பார்த்து அவிக்கிற பிட்டெல்லாம் உதிர்ந்தே வருகிறது. வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கரைக்குப் போனவன் வேலை செய்கிறானா என்றால் இல்லை. ஆடுகிறான், பாடுகிறான், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். கூலியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வேலையில் தூங்கிய முதல் ஆள் சொக்கநாதர்தான் என்று எங்கள் பக்கம் கேலியாகச் சொல்வார்கள். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அடித்தவன் முதுகு உட்பட ஊரில் இருந்த அத்தனை பேர் முதுகிலும் விழுந்தது. ஆவணி மூலத்தன்று மதுரையில் இன்றும் இது திருவிழா. கூலியாளை அடித்தால் அது யார் முதுகில் விழும் என்பதை இத்தனை பட்டவர்த்தனமாகச் சொன்ன புராணம் வேறு எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சொல்லின் வேர் எது? தேவநேயப் பாவாணர் கூலம் என்ற தானியப் பெயரோடு இதை இணைப்பார். கூலத்தை அளந்து கொடுத்ததால் கூலி. களத்துமேட்டில் நெல்லாகவே கூலி அளந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது பொருத்தமாகவே படும். எனக்கும் படுகிறது. ஆனால் பொருத்தமாகப் படுவது வேறு, நிறுவப்படுவது வேறு. நான் அங்கே நின்றுவிடுகிறேன்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது, இது தென்னாட்டு மொழிகளின் கூட்டுச் சொத்து என்பது. கன்னடத்திலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் கூலி என்றால் ஊதியம். தெலுங்கில் ஆளையும் குறிக்கும். கேரளத்தில் ‘நோக்குகூலி’ என்று ஒன்று இருந்தது, கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டுச் சாமானை நீங்களே ஆள் வைத்து இறக்கிக்கொண்டாலும், பக்கத்தில் நின்று பார்த்ததற்குச் சுமைதூக்கும் சங்கத்தாருக்குக் கொடுக்க வேண்டிய கூலி. 2018 மே முதல் நாளிலிருந்து அரசு அதைத் தடை செய்தது. நல்லதோ கெட்டதோ, அங்கேயும் கூலி என்பது கைக்கு வரவேண்டிய பணம்தான்.

இலங்கைக்குப் போனால் சிங்களத்தில் ‘குலி’ என்றால் வாடகை. கொழும்பில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் வாசலில் மாட்டும் பலகையில் ‘குலியட’ என்று எழுதியிருக்கும். வீட்டு வாடகைக்கு ‘கெவல் குலிய’ என்பார்கள். இதே தீவின் மலைத் தோட்டங்களில் இந்தச் சொல் என்ன பாடுபட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி வழக்குக்கு வருவோம். ஆங்கிலத்தின் ‘கூலி’ எங்கிருந்து வந்தது? இது நூற்றைம்பது ஆண்டு வழக்கு. இதில் முக்கிய ஆவணம் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதி. இந்தியாவில் ஆங்கிலேயர் வாயில் புழங்கிய சொற்களின் திரட்டு, 1886இல் வெளிவந்தது. தொகுத்தவர்கள் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும். பர்னல் நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். நூல் அச்சாவதைப் பார்க்காமலே 1882இல் இறந்துவிட்டார். முஹர்ரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று மாரடித்துக்கொண்டு போனவர்களின் குரல் வெள்ளைக்காரச் சிப்பாயின் காதில் விழுந்த விதம்தான் அந்தத் தலைப்பு. காது செய்கிற கோளாறுக்கு அகராதியின் பெயரே சாட்சி.

அவர்கள் கூலிக்குச் சொன்ன விளக்கம், குஜராத்தின் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பது. கோலிகள் மேற்குக் கரைக்காரர்கள். மும்பையில் இன்றைக்கும் கோலிவாடாக்களில் மீன் பிடிக்கிற மக்கள் அவர்கள்தான். 16ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுக்கீசிய ஏடுகளில் வசாய் பக்கத்துக் கோலிகள் வருகிறார்கள். அந்தப் பக்கம் சுமை தூக்கவும் கடற்கரை வேலைக்கும் அவர்களைப் பிடித்தார்கள், இனப்பெயர் தொழிற்பெயராயிற்று, போர்ச்சுக்கீசியர் அதைக் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுவந்தார்கள் என்பது வாதம். ஆனால் யூலும் பர்னலும் நேர்மையானவர்கள். தென்னாட்டில் கூலி என்று ஒரு சொல் சாதாரணமாகப் புழங்குகிறதே, வருவாய்த் துறைச் சொற்களுக்கு அகராதி செய்த எச். எச். வில்சன் அதையே மூலம் என்கிறாரே என்று அவர்களே குறித்துவைத்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஓப்பர்ட்டும் கோலி விளக்கத்தை மறுத்து, கிழக்குக் கரையின் கம்பெனிக் கிடங்குகளில் பிறந்த சொல் இது என்றார்.

மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு: துருக்கிக் கட்சி. துருக்கியில் ‘குல்’ என்றால் அடிமை, ஊழியன். அது பாரசீகப் பெயர்களில் ‘குலீ’ என்று ஒட்டிக்கொள்ளும். 1591இல் ஐதராபாத்தை நிறுவிய கோல்கொண்டா சுல்தான் யார்? முகம்மது குலீ குதுப் ஷா. வங்காளத்தை ஆண்ட முர்ஷித் குலீ கான் இன்னொருவர். இறைவனின் ஊழியன், பெரியவர்களின் ஊழியன் என்கிற பணிவுப் பெயர் அது. வேடிக்கை என்னவென்றால், உருது மொழியில் ரயில்நிலையத்தில் பெட்டி தூக்குகிறவரை எழுதுவதற்கும் இதே எழுத்துக்கள்தான். சுல்தான் பெயரின் நடுவில் இருக்கிற ‘குலீ’யும் பிளாட்பாரத்துக் குலியும் உருது ஏட்டில் ஒன்றே. உருது அகராதிக்காரர்கள் அதைத் துருக்கிச் சொல் என்றே கொள்வார்கள்.

தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். தமிழ்க் கூட்டத்தில் தமிழே மூலம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவது சுலபம். நான் அதைச் செய்யப்போவதில்லை. ஆதியில் மேற்குக் கரைக் கோலிகளின் பெயர் போர்ச்சுக்கீசியரிடம் இருந்தது உண்மை. ஆனால் ஓர் இனத்தின் பெயர் உலகம் முழுவதும் நாட்கூலி என்ற பொருளில் பரவ வேண்டுமானால் வழியில் அதற்கு அந்தப் பொருளை யாரோ கொடுத்திருக்க வேண்டும். அதைக் கொடுத்தது தென்னாட்டுக் கூலி. சென்னையிலும், டச்சுக்காரர் 1658இல் பிடித்த நாகப்பட்டினத்திலும், துபாஷிகளின் வாயில் ஓயாமல் அடிபட்ட சொல் அது. இரண்டு சொற்கள் ஒரே துறைமுகத்தில் சந்தித்து ஒன்றாகிவிட்டன என்பதே என் துணிபு. துருக்கிக் குலீ வடக்கே அந்தச் சொல்லுக்கு ஓர் எழுத்து வடிவத்தைக் கொடுத்தது, அவ்வளவே.

அப்படி ஒன்றானபோதுதான் காசு ஆளாயிற்று. கம்பெனிக் கணக்குகளில் ‘கூலி ஹையர்’ என்று ஒரு செலவினம் வரும். நம் மொழியில் சொன்னால் கூலிக்குக் கூலி! எழுதிய குமாஸ்தாவுக்கு முதல் சொல் மனிதன், இரண்டாம் சொல் பணம்.

1834இல் இந்தப் பொருள் மாற்றம் கப்பல் ஏறியது. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 2இல் ‘அட்லஸ்’ கப்பல் மொரீஷியஸ் சேர்ந்தது. பிறகு கயானா, டிரினிடாட், பிஜி, சுரினாம். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் ஏறியவர்கள் பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் போனார்கள். சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ 1860 நவம்பர் 16இல் டர்பனில் 342 பேரை இறக்கியது. டர்பனைத் துறைமுகமாகக் கொண்ட நேட்டாலின் கப்பல் பதிவேட்டில் என்னென்ன பத்திகள் தெரியுமா? எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. எண்தான் முதலில். பெயர் அதற்குப் பிறகு. ‘வலது முழங்காலில் தழும்பு’, ‘நெற்றியில் பச்சை’ என்று எழுதிய அந்தக் கடைசிப் பத்தியைப் படிக்கும்போதுதான் அந்த வரிசையில் ஒரு மனிதர் நின்றார் என்பது உறைக்கும்.

காந்தி 1893இல் அங்கே போனபோது அவர் ‘கூலி பாரிஸ்டர்’. வியாபாரி கூலி வியாபாரி. முஹர்ரம் பண்டிகை ‘கூலி கிறிஸ்துமஸ்’. இந்தியரை ஒதுக்கிவைத்த இடம் ‘கூலி லொகேஷன்’. சத்திய சோதனையில் காந்தி இன்னொன்றும் சொல்கிறார்: இந்தியர்களை வெள்ளையர் ‘சாமி’ என்றும் ஏளனமாகக் கூப்பிடுவார்கள், ராமசாமி, குப்புசாமி என்று தமிழர் பெயர்களைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். கொஞ்சம் சாமர்த்தியமுள்ளவர்கள், ‘சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உனக்கு எஜமான் இல்லையே’ என்று திருப்பிக் கொடுப்பார்களாம். கூலி, சாமி என்ற இரண்டு வசைகளும் நம் ஊர்ச் சொற்கள். ஒன்றில் உழைப்புக்கு உரியது இருக்கிறது, மற்றதில் தெய்வமே இருக்கிறது. பல் உடைந்து ரத்தம் ஒழுகத் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தி முன் வந்து நின்ற பாலசுந்தரமும் அப்படிக் கூப்பிடப்பட்ட ஒரு தமிழர்தான்.

நம் பக்கத்துத் தீவில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு இருந்தது போன்ற ஐந்தாண்டு ஒப்பந்தம் எல்லாம் இலங்கைக்குப் போனவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. ஆள் பிடித்துக் கொண்டுபோகிற கங்காணி கொடுத்த முன்பணம்தான் கயிறு. ஊரில் வாங்கிய கடன், வழிச்செலவு, சோறு எல்லாம் கணக்கில் ஏறிவிடும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் இவ்வளவு கடன் தீர்த்தால் இவரை விடுவேன் என்று துரை எழுதிய ‘துண்டு’ வேண்டும். துண்டுக்குப் பணம் கட்டி அடுத்த தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் ஆளோடு கூடவே போகும். 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். வில்லையைப் பார்த்து எந்தத் தோட்டத்துக்குப் போகிற சரக்கு என்று வழியில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்வார்கள். செலவும் அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும்.

துரைமார் தமிழ் படிப்பதற்கென்றே புத்தகங்கள் வந்தன. ஒன்றின் பெயரே ‘கூலித் தமிழ்’. இன்னொன்றின் பெயர் ‘இங்கே வா’. வள்ளுவர் எழுதிய மொழிக்கு இப்படி ஒரு பாடப் புத்தகம்!

ஆனால் லயங்கள் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் சொல்லைச் சும்மா விடவில்லை. மலையகத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கு ‘பேர்’ என்பார்கள். காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசையில் நின்று, மலை ஏறி, கணக்குக் கொழுந்தைப் பறித்து நிறுத்தால் பேர் விழும். கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர் போட்டுட்டாங்க’ என்று திட்டிக்கொண்டே கூடையை இறக்குவார்கள். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பேருக்கு நேரே விழுகிற குறியைத்தான் அப்படிச் சொன்னார்கள். இதை யோசித்துப் பாருங்கள். துரை வாயில் சம்பளத்தின் பெயர் ஆளின் பெயராயிற்று. தொழிலாளி வாயில் ஆளின் பெயர் சம்பளத்தின் பெயராயிற்று. எந்த இலக்கண ஆசிரியரும் உட்கார்ந்து இதைச் செய்யவில்லை.

கிழக்கே போன கூலியை விரைவாகப் பார்த்துவிடலாம். சீனத்தில் ‘குலி’ என்று ஒலிக்கும்படி இரண்டு எழுத்துக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் எழுத்துக்குக் கசப்பு, துன்பம் என்று பொருள், இரண்டாவதற்கு வலிமை. ஒலியும் பொருளும் அத்தனை கச்சிதமாக விழுந்ததால் சொல்லே சீனத்தில் பிறந்தது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். கியூபாவுக்கு மட்டும் 1847 முதல் 1874 வரை ஏறத்தாழ 1,25,000 சீனர்கள் போனார்கள். அங்கே ஸ்பானிய மொழியில் ‘குலீ’. அமெரிக்காவில் 1862 பிப்ரவரியில் கூலி வணிகத்தைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் லிங்கன். இருபது ஆண்டுகள் கழித்து 1882இல் அதே நாடு சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரவே கூடாது என்று சட்டம் போட்டபோது, அவர்களைத் தூற்றப் பயன்பட்ட சொல்லும் இதுதான்.

மலாயிலும் இந்தோனேசியத்திலும் குலி. சுமத்ராவின் டெலி புகையிலைத் தோட்டங்களுக்காக டச்சு அரசு 1880இல் போட்ட கூலிச் சட்டம், வேலையை விட்டு ஓடினால் சிறை என்றது. பக்கத்தில் ஜாவாவின் கிராமங்களில் அதே சொல்லுக்கு வேறு வாழ்வு: ‘குலி கென்செங்’ என்றால் வீடும் தோட்டமும் வயலும் உள்ள முழுக் குடியானவர், ஊர் வேலைக்கு ஆள் தர வேண்டிய கடமை அவருக்குத்தான் என்பதால் வந்த பெயர். இன்றைய இந்தோனேசியத்தில் பத்திரிகைக்காரருக்கு ‘குலி திந்தா’ என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. மைக் கூலி என்று பொருள். நம் ஊர்ப் பத்திரிகை நண்பர்கள் நாலு பேர் இங்கே இருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனை பயணத்திலும் என்னை மிகவும் உலுக்கியது கடல் தாண்டிய ஊர் எதுவும் இல்லை. இமயமலையில் உள்ள குமாவோன். அங்கே வெள்ளைக்காரர் ஆட்சியில் அதிகாரி சுற்றுப்பயணம் வந்தால் அவருடைய கூடாரம், கட்டில், பெட்டி எல்லாவற்றையும் அடுத்த முகாம் வரை கிராமத்தார் சுமக்க வேண்டும். யார் முறை என்பது ஊர்த் தலைவரிடம் இருக்கும் பதிவேட்டில் எழுதியிருக்கும். இதற்குப் பெயர் ‘கூலி பேகார்’. பேகார் என்றால் ஊதியமில்லாத கட்டாய வேலை. சோழர் கல்வெட்டுகளில் இதற்கு நேரான சொல் உண்டு: வெட்டி. ஊதியமில்லாமல் செய்ய வேண்டிய ஊர் வேலை. இன்றைக்கு நாம் ‘வெட்டி வேலை’ என்று கேலியாகச் சொல்வது அதன் எச்சம். தெலங்கானாவில் வெட்டிச் சாகிரி என்று நேற்று வரை இருந்தது. நம் மொழியில் கூலியும் வெட்டியும் எதிரும் புதிருமான சொற்கள். காசு கொடுத்தால் கூலி, கொடுக்காவிட்டால் வெட்டி. குமாவோனில் அந்த இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாக நிற்கின்றன. ஊதியம் என்ற பொருள் அந்தச் சொல்லிலிருந்து அடியோடு வடிந்துபோயிருந்தால்தான் இது நடக்கும்.

1921 ஜனவரி 14. நமக்குப் பொங்கல், அவர்களுக்கு உத்தராயணித் திருவிழா. பாகேஷ்வரில் சரயுவும் கோமதியும் கூடுகிற இடத்தில் மக்கள் திரண்டார்கள். குமாவோன் தலைவர் பத்ரி தத் பாண்டே முன்னால் நின்றார். இனிச் சுமப்பதில்லை என்று ஆற்று நீரைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். ஊர்த் தலைவர்கள் தாங்கள் கொண்டுவந்த கூலிப் பதிவேடுகளை ஆற்றில் எறிந்தார்கள். அந்தப் பழக்கம் அதோடு முறிந்தது.

நம் மண்ணில் கூலி என்ற சொல்லுக்குப் பணம் என்ற பொருள் எப்போதும் இருந்தது என்று நான் பெருமை பேசியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பொருள் இருந்தது, பணம்தான் இருக்கவில்லை. கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். கேட்டது சில படி நெல்.

வசையாகிப்போன சொல்லை என்ன செய்வது? மொரீஷியஸ் அரசு ‘கூலி காட்’ என்ற இறங்குதுறையின் பெயரை ‘ஆப்ரவாசி காட்’ என்று மாற்றியது. 2006இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அதே மொரீஷியஸில் பிறந்த கவிஞர் கால் தொராபுள்ளி எதிர்த் திசையில் போனார். 1992இல் ‘கூலித்துவம்’ என்று பொருள்படும் ஒரு புதுச் சொல்லைத் தன் கவிதை நூலின் தலைப்பிலேயே வைத்தார். கயானாவின் ராஜ்குமாரி சிங் 1973லேயே ‘நான் ஒரு கூலி’ என்று கட்டுரை எழுதியிருந்தார். அந்த நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கையூத்ரா பகதூர், 1903இல் கல்கத்தாவில் தனியாகக் கப்பல் ஏறிய தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி எழுதிய நூலுக்கு ‘கூலிப் பெண்’ என்றே பெயர் வைத்தார். மாற்றுவதா, மீட்பதா என்பதை அந்தச் சொல்லால் அடிபட்டவர்கள் முடிவு செய்யட்டும். நமக்கு அதில் வாக்கு இல்லை.

நம் ரயில்நிலையத்தைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு கருத்து உண்டு. 2016 ரயில்வே பட்ஜெட்டில் அமைச்சர் சுரேஷ் பிரபு, இனிக் கூலிகளை ‘சகாயக்’ என்று அழைப்போம் என்றார். 2008இல் லாலு பிரசாத் அமைச்சராக இருந்தபோது, உரிமம் பெற்ற சுமைதூக்குவோருக்கு ரயில்வேயிலேயே கேங்மேன் வேலை தருவதாக அறிவித்தார். ஒன்று பெயர், மற்றது மாதச் சம்பளம். சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையுமாக நிற்கிற எந்தப் பெரியவரையும் கேட்டுப் பாருங்கள், எது வேண்டும் என்று. நான் சம்பளத்தின் பக்கம்.

கடைசியாக இங்கே வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாவட்டத்திலிருந்து கண்டிக்கும் பினாங்குக்கும் டர்பனுக்கும் பிஜிக்கும் ஆள் போகாத ஊர் குறைவு. உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், தாத்தா காலத்துத் தகர வில்லையோ, இலங்கைக்கு ஆள் அனுப்பிய மண்டபம் முகாமின் சீட்டோ, தோட்டத்துப் பற்றுச்சீட்டோ, அக்கரையிலிருந்து வந்த கடிதமோ இருந்தால் வீடு வெள்ளையடிக்கும்போது குப்பையில் போட்டுவிடாதீர்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும். ஒரு நகல் எடுத்து இந்த நூலகத்தில் கொடுங்கள். காகிதம் எதுவும் இல்லை என்றால், போனவரின் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டர்பன் போனவரானால், நேட்டால் பதிவேட்டில் தேடத் தொடங்குவதற்கு அந்த மூன்றும் போதும்.